பால் வண்டி எழும்பாத காலைகள்

எங்கள் வண்டி ஏற்றியது ரப்பர் பால். வெளியூர்க்காரர்களிடம் பால் வண்டி என்று சொன்னால் மாட்டுப் பாலை நினைத்துக்கொள்வார்கள். பாலிடெக்னிக்கில் என்னோடு படித்த திருநெல்வேலிப் பெண் மூன்று வருடமும் அப்படித்தான் நினைத்திருந்தாள். நான் திருத்தவில்லை.

அருமனைக்கு அப்பால் மேட்டுப் பகுதிகளில் விடிவதற்கு முன்பே ரப்பர் வெட்டத் தொடங்கிவிடுவார்கள். ஒன்பது, ஒன்பதரைக்குச் சிரட்டைகளில் வடிந்த பால் வாளிகளுக்கு வந்துவிடும். வாளியில் அது வெகுநேரம் தாங்காது. அமோனியா கலந்தால்தான் உறையாமல் இருக்கும். அந்த அமோனியா ஊற்றிய டிரம்கள் எங்கள் லாரியில் இருக்கும். அப்பா ஒன்பது மணிக்குக் கிளம்பி ஒவ்வொரு விளையாக, அதாவது ரப்பர்த் தோட்டமாக, போய்ப் பாலை ஊற்றி வாங்கி, மதியத்துக்குள் பால் முதலாளியின் கொட்டகையில் இறக்க வேண்டும். பதினொன்றைத் தாண்டினால் வாளியில் பால் தயிராகிவிடும். தயிரான பாலை, மரத்தில் ஒட்டிக் காய்ந்த ஒட்டுப்பாலோடு சேர்த்து மலிவு விலைக்குப் போட வேண்டியதுதான். விடியற்காலையில் எழுந்து வெட்டியவர்களின் உழைப்பு நாற்றமெடுத்துக் கிடக்கும்.

அப்பா பதினெட்டு வருடம் மற்றவர்களின் லாரியை ஓட்டியவர். பள்ளிக்கூடம் போனதில்லை. அம்மாவும் போனதில்லை. எங்கள் இரு பக்கக் குடும்பங்களிலும் பத்தாம் வகுப்பைத் தாண்டிய முதல் ஆள் நான். அதைச் சொல்லிக்கொள்வதில் எனக்கு அன்றும் வெட்கம் கிடையாது, இன்றும் கிடையாது. நான் எலக்ட்ரிக்கல் டிப்ளமோ இரண்டாம் வருடம் படிக்கும்போது, பால் ஓட்டத்தைத் தருவதாக முதலாளி சொன்ன வாக்கை நம்பி அப்பா ஒரு பழைய லாரியைச் சொந்தமாக வாங்கினார். அந்த ஓட்டம் இருந்தால் வண்டி இருக்கும். ஓட்டம் போனால் வண்டியும் போகும். இது எங்கள் மூன்று பேருக்கும் தெரிந்திருந்தது.

நான் படிப்பை முடித்து வேலைக்கு விண்ணப்பம் போட்டுக்கொண்டிருந்த ஜூலையில் ஒருநாள் காலை லாரி எழும்பவில்லை.

சாவியைத் திருப்பினால் மோட்டார் சுற்றியது. என்ஜின் மட்டும் பிடிக்கவில்லை. புகைக்குழாயில் ஒரு கீற்றுப் புகைகூட இல்லை. கால் மணி நேரத்தில் பேட்டரி களைத்துப்போய் முனகத் தொடங்கியது. அப்பா பானெட்டுக்குள் தலையை விட்டு, டீசலைக் கையால் ஏற்றும் சிறிய பம்பைக் கட்டைவிரலால் அமுக்கு அமுக்கென்று அமுக்கினார். பக்கத்து வீட்டுக்காரர் பல்தேய்த்துக்கொண்டே வந்து நின்றார்.

"என்ன ஓய், மகாராசா இன்னும் உறக்கமா?"

"பிடிச்சுத் தள்ளும் ஓய், வாயில வெச்சிருக்க பிரஷ எடுத்திட்டு."

ஏழெட்டுப் பேர் தள்ளினார்கள். பத்து மணிக்கு ஒரு குலுக்கலோடு எழும்பி, ஒன்றுமே நடக்காததுபோல ஓடியது. அன்று ஆறு வாளிப் பால் கெட்டது.

மறுநாள் அருமனையிலிருந்து மெக்கானிக்கை அழைத்து வந்தோம். அவர் ஏறி உட்கார்ந்து சாவியைத் தொட்டதும் லாரி உறுமியது. அணைத்தார், மறுபடி போட்டார். ஐந்து தடவையும் ஒரே திருப்பில் எழும்பியது.

"வண்டிக்கு என்னைப் பாத்தா பயம், அண்ணே. நீரு செல்லம் குடுத்துக் கெடுத்து வெச்சிருக்கீரு."

அப்பா சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. நோய் இருக்கும்போது வைத்தியர் இல்லை, வைத்தியர் வந்தால் நோய் இல்லை. அடுத்த மூன்று மாதமும் இதே கதைதான். ஒரு வாரம் ஒழுங்காக ஓடும். எங்கள் பயம் கொஞ்சம் தணிந்த ஏதாவது ஒரு காலையில் படுத்துவிடும்.

நான் ஒரு நோட்டை எடுத்துக் கட்டங்கள் போட்டேன். தேதி, கிழமை, மழை உண்டா இல்லையா, எந்தப் பெட்ரோல் பங்கில் டீசல் போட்டது, எத்தனை மணி நேரம் நின்றது, பேட்டரியின் வோல்டேஜ் எவ்வளவு. மார்த்தாண்டத்தில் ஒரு மல்டிமீட்டர் வாங்கினேன். காலையில் அப்பா சாவியைத் திருப்பிப் பார்த்த பிறகு நான் மீட்டரோடு போய் நிற்பேன். குருசடிக்கு வரும் பெண்கள் மெழுகுதிரி கொளுத்திவிட்டு என்னைப் பார்த்துக்கொண்டு போவார்கள். எங்கள் வீட்டுக்கு எதிரே, ஏற்றச் சாலையின் பாதியில், அந்தோணியாருக்கு ஒரு சிறிய குருசடி இருந்தது. ஒரு சிலுவை, ஒரு கண்ணாடிக் கூண்டு, முன்னால் செம்மண் முற்றம். லாரி நிற்பது அந்த முற்றத்தில்தான்.

நான் படித்தது மின்சாரம். அதனால் கோளாறும் மின்சாரத்தில்தான் இருந்தாக வேண்டும் என்று முடிவு செய்தேன். டீசல் என்ஜினில் பொறி கிடையாது. காற்றை அழுத்தும் சூட்டில்தான் டீசல் பற்றும். மோட்டார் மெதுவாகச் சுற்றினால் அந்தச் சூடு வராது. பேட்டரி பழையது, காலை ஈரமானது, ஆகவே பற்றவில்லை. பிழையே இல்லாத விளக்கம். அப்பா புதிய பேட்டரி வாங்கினார். ஆறு நாள் ஒரே திருப்பில் எழும்பியது. சாயாக்கடையில் அப்பா, "எனக்க மவதான் கண்டுபிடிச்சா" என்று சொல்லிக்கொண்டு திரிந்தார் என்று பக்கத்து வீட்டுக்காரர் வந்து சொன்னார். அந்த ஆறு நாளும் நான் தரையில் நடக்கவில்லை.

ஏழாம் நாள் எழும்பவில்லை.

அதற்குப் பிறகு ஸ்டார்ட்டர் மோட்டாரைக் கழற்றிப் பார்த்தோம். கேபிள்களை மாற்றினோம். டீசல் ஃபில்டரை மாற்றினோம். ஒவ்வொன்றும் சில நாள் வேலை செய்வதுபோலக் காட்டி, பிறகு கைவிட்டது. மெக்கானிக் லாரியைச் சந்திப்பில் இருந்த தன் ஒர்க்‌ஷாப்பில் இரண்டு நாள் நிறுத்திப் பார்த்தார். அங்கே அது தங்கமான பிள்ளையாக இருந்தது. திருப்பிக் கொடுக்கும்போது அவர் தலையைச் சொறிந்துகொண்டு சொன்னார்: "எங்கேயோ ஏர் எடுக்குதுண்ணு தோணுது, அண்ணே. பைப்புக்குள்ள காத்து ஏறினா டீசல் பம்புக்கு வராது. ஆனா எடம் கிட்ட மாட்டேங்குது."

நான் குறுக்கிட்டேன். "ஏர் எடுத்தா தினமும் எடுக்கணும் இல்லியா? ஒருநாள் எடுத்து ஒருநாள் எடுக்காம இருக்க அதுக்கு என்ன, மனசா இருக்கு?"

ஒர்க்‌ஷாப்பில் நின்ற மூன்று பேர் சிரித்தார்கள். மெக்கானிக் என்னைப் பார்த்தார், அப்பாவைப் பார்த்தார். "படிச்ச பிள்ளை கேக்குது. எனக்கு பதில் இல்ல" என்று சொல்லிக் கையைத் துடைத்தார். அப்பாவின் முகத்தில் பெருமை. என் முகத்திலும் இருந்திருக்கும்.

ஆகஸ்ட் கடைசியில் அம்மா அடுக்களையிலிருந்து கேட்டாள்.

"ஏட்டி, நான் ஒண்ணு சொன்னா கோவிப்பியா?"

"சொல்லு."

"குருசடியில செபம் நடந்தா, மறுநாள்தான் வண்டி பிணங்குது. நான் பாத்திட்டுத்தான் இருக்கேன். அந்தோணியாருக்கு ஏதோ மனத்தாங்கல். உப்பும் நல்லமிளகும் நேர்ச்சை போட்டா..."

"அம்மா, அந்தோணியாருக்கு டீசல் பைப்புல என்ன வேலை?"

"நீ எழுதி வெச்சிருக்கியே, அதுல பாரேன்."

பார்த்தேன். அவளுக்காக அல்ல, அவள் வாயை அடைப்பதற்காக. செவ்வாய்க்கிழமை சாயங்காலம் குருசடியில் செபம். வண்டி படுத்த நாட்களில் பெரும்பாலானவை புதன்தான். ஆனால் மூன்று புதன்கிழமைகளில் வண்டி முதல் திருப்பிலேயே எழும்பியிருந்தது. அந்த மூன்றையும் விரலால் தொட்டுக் காட்டினேன்.

"இந்த மூணு நாளும் உனக்க அந்தோணியாருக்குக் கோபம் இல்லாமப் போச்சா?"

அம்மா அடுப்புக்குத் திரும்பினாள். மறுநாள் எனக்குத் தெரியாமல் உப்பும் மிளகும் கொண்டுபோய் வைத்தாள் என்பது எனக்குத் தெரியும்.

செப்டம்பரில் முதலாளி தானே பைக்கில் வந்தார். தங்கமான மனிதர், சத்தம் போட்டுப் பேசமாட்டார். அன்றும் போடவில்லை.

"ரெண்டு தடவ பொறுத்தேன், மூணு தடவ பொறுத்தேன். நேத்து ஒரு பொம்பள எனக்க கொட்டகை முன்னால வாளியக் கவுத்திட்டுப் போயிட்டா. வாளி மாதிரியே நிக்குது பால், புட்டு குத்தி எடுத்தது போல. அவளுக்கு நான் என்ன பதில் சொல்ல? இன்னும் ஒரு வாரம் இப்பிடிப் போனா வேற வண்டி பாப்பேன். எங்கிட்ட வருத்தப்படப்பிடாது, கேட்டியா?"

"இல்ல முதலாளி. சரியாக்கிருவேன்" என்றார் அப்பா. சொல்லிவிட்டு என்னைப் பார்த்தார்.

அக்டோபர் பிறந்தது. மழையும் பிறந்தது. முதல் ஆறு நாளில் நான்கு நாள் லாரி எழும்பவில்லை. அதுவரை வாரம் ஒருமுறை வந்த நோய் இப்போது கிட்டத்தட்ட தினமும் வந்தது. எனக்கு உள்ளுக்குள் ஒரு கேவலமான திருப்தி: மழை, ஈரம், மின்கசிவு, நான் சொன்னது சரிதான். ஆனால் மீட்டரை வைத்தால் எல்லா இடத்திலும் வோல்டேஜ் சரியாக இருந்தது. பிளாஸ்டிக் தாளால் பேட்டரியை மூடினேன், கேபிள் முனைகளில் கிரீஸ் தடவினேன். காலையில் குடைக்குக் கீழே நின்று முள்ளைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். பன்னிரண்டரை. பன்னிரண்டரை. ஒரு குறையும் இல்லை. மோட்டார் சுற்றுகிறது, லாரி செத்துக் கிடக்கிறது.

அந்த நான்காவது நாள் அப்பாவின் பட்டன் போன் விடாமல் அடித்தது. அவர் கைகளெல்லாம் டீசல். "நீ எடு மக்கா. உனக்குப் பேசத் தெரியும்" என்றார். எடுத்தேன். பேச்சிப்பாறை பக்கத்து விளையிலிருந்து ஒரு பெண்.

"மோளே, பத்தரை ஆச்சு. பாலு திரியத் தொடங்கிட்டு. வருவியளா வரமாட்டியளாண்ணு சொல்லிட்டா நான் ஆசிட் ஊத்தி உறைய வெச்சு ரப்பர் ஷீட்டாவது அடிப்பேன்."

வருவோம் என்று சொல்ல முடியவில்லை. வரமாட்டோம் என்று சொன்னால் ஓட்டம் போய்விடும். "இப்போ... கொஞ்ச நேரம்..." என்று இழுத்தேன். அந்தப் பக்கம் ஒரு பெருமூச்சு. "சரி மோளே. உனக்க அப்பனத் திட்டல்ல. திட்டி என்ன செய்ய" என்று வைத்துவிட்டாள். 

சாயங்காலம் முதலாளி ஆள் அனுப்பினார். மறுநாள் முதல் அமோனியா டிரம்கள் வேறொருவரின் லாரியில் ஏறின.

அதன்பிறகு எங்கள் லாரி முற்றத்திலேயே நின்றது. பேட்டரி இறங்காமல் இருக்க அப்பா தினமும் காலையில் ஒருமுறை ஸ்டார்ட் செய்வார். அக்டோபர் முடியும்வரை சாயங்காலச் செபத்தை எங்கள் வண்டியைச் சுற்றி உட்கார்ந்தே நடத்தினார்கள். ஓட்டம் போன வண்டியை நகர்த்தச் சொல்ல யாருக்கும் மனம் வரவில்லை. ஒவ்வொரு காலையும் அது எழும்பியது. நவம்பர் நடுவில் நோட்டைப் பார்த்தேன். பழக்கத்தில் நான் எழுதுவதை நிறுத்தவில்லை. ஒரு மாதத்துக்கு மேல் ஒருநாள்கூடப் படுக்கவில்லை. மழையோ அக்டோபரைவிட அதிகம். என் ஈரக் கதை முடிந்தது.

அம்மா பக்கத்தில் மரச்சீனிக் கிழங்கு தோலுரித்துக்கொண்டிருந்தாள். வேறு வழியில்லாமல் அவளிடம் கேட்டேன்.

"அக்டோபர் மொத ஆறு நாளும் செபமாலை உண்டா?"

"மாதாவுக்க மாசம் இல்லியா, தினமும் உண்டு. ரெண்டு நாள் மழை கொட்டினதால கோயிலுக்குள்ள வெச்சாங்க."

எந்த இரண்டு நாள் என்று கேட்டேன், விரல்விட்டு எண்ணிச் சொன்னாள். வண்டி எழும்பிய இரண்டு காலைகளுக்கும் முந்தைய நாட்கள் அவை. நோட்டைப் பின்னுக்குப் புரட்டினேன். அந்த மூன்று புதன்கிழமைகளின் தேதிகளை வாசித்தேன்.

"அந்தச் செவ்வாய்க்கெல்லாம் செபம் நடந்துதா இல்லியா?"

"நடந்துது. உங்கப்பா பைசா வாங்க நாகர்கோவில் போய்ட்டு செபம் தீந்த பொறவுதானே வந்தாரு. வண்டிய நேரே முற்றத்துல கொண்டு விட்டாரு."

"அப்போ மத்த நாள் எங்க விடுவாரு?"

அவள் என்னை ஒரு மாதிரிப் பார்த்தாள். "முற்றத்துல ஆளு இருக்கும்போ வண்டிய எங்க விட? கீழ வளைவுலதான். நீ செபத்துக்கு வந்தாத்தானே தெரியும்."

உண்மைதான். பாலிடெக்னிக் போகத் தொடங்கியதிலிருந்து நான் குருசடிச் செபத்துக்குப் போனதில்லை. அந்த நேரத்தில் உள்ளறையில் கதவை அடைத்துப் படிப்பேன். விடிந்து நான் மீட்டரோடு வருவதற்குள் அப்பா எழும்பாத வண்டியைப் பின்னுக்கு உருட்டிச் சாலையோரம் விட்டிருப்பார்; தள்ளி ஸ்டார்ட் செய்ய முற்றத்திலிருந்து இறக்கியது என்றுதான் நினைத்திருந்தேன். எங்கே நிற்கிறது என்பது என் கட்டங்களில் இல்லை.

அப்பாவிடம் ஓடினேன். வளைவில் எப்படி நிறுத்துவார் என்று கேட்டேன்.

"மேல பாத்துத்தான்."

"ஏன்? முற்றத்துல கீழ பாத்துல்லா நிக்கும்?"

"அது சுலுவா இறங்கிப் போக. வளைவுல அப்பிடி நிறுத்தினா பின்பக்கம் அந்தோணியாருக்கு நேரே வரும். டிரம்முக்க நாத்தம் தெரியாதா உனக்கு? செபம் சொல்லுத ஆளுக்க மூஞ்சிக்கா திருப்பி வைக்க?"

மரியாதைக்காகத்தான். வேறொன்றும் இல்லை. முன்பக்கம் மேடாகவும் டீசல் டேங்க் தாழ்வாகவும் ஒரு முழு இரவு நின்றிருக்கிறது வண்டி. குழாயில் எங்காவது ஒரு மயிரிழை ஓட்டை இருந்தால் போதும். காற்று நுழைய, டீசல் இரவெல்லாம் பைய டேங்குக்கே திரும்பி வடிந்துவிடும். முற்றத்தில் கீழ்நோக்கி நின்றால் டீசல் பம்பின் பக்கம்தான் இறங்கும். ஒர்க்‌ஷாப் இருப்பதோ சமதளத்தில்.

அன்று சாயங்காலம், செபம் எதுவும் இல்லாதபோது, லாரியை வளைவில் மேல்நோக்கி நிறுத்தச் சொன்னேன். காலையில் மூன்று பேரும் போனோம். அப்பா சாவியைத் திருப்பினார். மோட்டார் சுற்றியது. பிடிக்கவில்லை. நான் கைதட்டிவிட்டேன். அப்பா ஸ்டியரிங்கில் அடித்துச் சிரித்தார். பக்கத்து வீட்டுக்காரர் எட்டிப் பார்த்தார்.

"வண்டி ஸ்டார்ட் ஆகல்லண்ணு சிரிக்கிற குடும்பத்த இப்பத்தான் பாக்கேன். சுகக்கேடு வண்டிக்கா, உங்களுக்கா?"

மெக்கானிக் வந்தார். டேங்கிலிருந்து வரும் குழாய் இணைப்பில், நகத்தளவு செப்பு வாஷர் ஒன்று கீறியிருந்தது. வெளியே ஒரு சொட்டு டீசல்கூடக் கசிந்ததில்லை, காற்று மட்டும் போகும் கீறல். பத்து நிமிட வேலை. ஸ்பேனரைப் பையில் போட்டுக்கொண்டு அவர் என்னைப் பார்க்காமலே சொன்னார்:

"ஏர் எடுக்குதுண்ணு நான் சொன்னப்போ ஒரு இஞ்சினியர் எங்கிட்ட கேள்வி கேட்டா. நல்ல கேள்வி. இப்பவும் எனக்கு ஞாபகம் இருக்கு."

அம்மாவிடம் மன்னிப்புக் கேட்பதுபோல ஏதோ சொன்னேன். அவள் அதை வாங்கிக்கொள்ளவில்லை. "நான் புனிதரைச் சொன்னேன், நீ வாஷரைச் சொல்லுத. ரெண்டையுமே நான் கண்ணால பாத்ததில்ல. போய் முதலாளியப் பாரு."

போனேன். அப்பா வர மறுத்துவிட்டார். கொட்டகையில் முதலாளி எனக்கு நாற்காலி போட்டு சாயா வரவழைத்தார். நான் நோட்டைத் திறந்து எல்லாவற்றையும் சொன்னேன்: சரிவு, காற்று, செபம், வாஷர். அவர் கவனமாகக் கேட்டுக்கொண்டார். இரண்டு இடத்தில் சரியான கேள்வியும் கேட்டார்.

"கொள்ளாம் மோளே. நல்ல மூளை. இப்போ நூறு சதவீதம் சரியாச்சா?"

"ஆச்சு. நாலு நாள் மேல பாத்து நிறுத்திப் பாத்தாச்சு."

அவர் சாயா கிளாசைக் கீழே வைத்தார். "நீ சொன்னதுல ஒரு தப்பும் இல்ல. ஆனா அந்த மழையில, நான் கூப்பிட்ட அன்னைக்கே ஒருத்தன் வண்டியோட வந்து நிண்ணான். இதுவரை ஒருநாள் பிந்தினதில்ல. அவன எந்தக் காரணம் சொல்லி நிறுத்த? நீயே ஒண்ணு சொல்லு, நான் செய்யுதேன்."

நான் நோட்டைப் பார்த்தேன். அதில் அப்படி ஒன்றும் இல்லை. வெளியே அந்த லாரி வந்து நின்றது. டிரம்கள் இறங்கத் தொடங்கின. நான் எழுந்தபோது அவர் கொஞ்சம் தயங்கிச் சொன்னார்: "எனக்க வீட்டு வண்டி ஒண்ணு, ரப்பர் ஷீட் ஏத்திக் கோட்டயத்துக்குப் போகுது. டிரைவர் கல்ஃபுக்குப் போறான். உனக்க அப்பாவுக்குச் சம்மதம்ணா திங்கக்கிழமை வரச் சொல்லு. நல்ல கை அது, எனக்குத் தெரியும்."

அந்தச் செய்தியை வீட்டுக்குக் கொண்டுபோனது நான்தான். அப்பா கேட்டுவிட்டு லாரிப் பக்கம் பார்த்தார். அம்மாதான், "அப்போ நம்ம வண்டி?" என்றாள்.

"யாராவது கேட்டா குடுத்திரலாம்" என்றார் அப்பா. "இப்போ நல்ல வண்டிண்ணு தைரியமாச் சொல்லிக் குடுக்கலாம்."

சனிக்கிழமை என்னையும் கூட்டிக்கொண்டு தக்கலைக்குப் போனார். சொந்த வண்டி வந்த பிறகு அவர் வெள்ளைச் சட்டைதான் போடுவார். பிறர் லாரியை ஓட்டிய நாட்களின் காக்கிகளை அம்மா அடுப்புத் துணியாகக் கிழித்திருந்தாள். ஜவுளிக்கடையில் காக்கித் துணி எடுத்தோம். பஸ் நிலையத்துக்குப் பின்னால் இருந்த தையற்காரருக்கு அப்பாவை ரொம்ப நாளாகத் தெரியும். தோளில் டேப்பை வைத்துக்கொண்டே கேட்டார்:

"சொந்த வண்டிக்காரனுக்குக் காக்கி எதுக்கு ஓய்?"

அப்பா கையை நீட்டி அளவு கொடுத்தார். "ரெண்டு தைக்கணும்" என்றார். "ஒண்ணு நாளைக்கே கிடைக்கணும்."